'செட்' என்னும் ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்குவது எப்படி

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் என் சித்தப்பா, நுண்ணூட்டக் கலவைப் பையோடு வந்த துண்டறிக்கையை ஒருநாள் என்னிடம் நீட்டினார். "இதுல பழத் தொகுப்பு அதிகமாகும்னு போட்டிருக்குது. தென்னைக்கு ஏது கண்ணு பழத் தொகுப்பு?" என்று கேட்டார். மறுபக்கத்தில் இருந்த ஆங்கிலத்தைப் பார்த்தேன். 'ஃப்ரூட் செட்' என்று இருந்தது. பாளை வெடித்து, பெண்பூ கருவுற்று, உதிராமல் குரும்பையாக நின்றுவிடுவதைத்தான் அந்தத் தொடர் குறிக்கிறது. குரும்பை பிடிப்பது என்று தோப்புக்காரர் ஒவ்வொருவரும் அன்றாடம் சொல்வதுதான் அது. மொழிபெயர்த்தவர் 'செட்' என்ற சொல்லுக்கு அகராதி முதலில் காட்டிய பெயர்ச்சொல்லை எடுத்து ஒட்டிவிட்டார். தென்னையைப் பற்றி அறியாதவர் எழுதியதாலன்று, சொல்லைச் சொல்லாக மட்டும் பார்த்ததால் நேர்ந்த பிழை அது.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு எழுதுவோரை மிகுதியாகத் தடுக்கி விழச் செய்யும் சொற்களுள் இது ஒன்று. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989இல் வெளிவந்தபோது, 'செட்' என்னும் வினைக்கு மட்டும் 430 பொருள்கள் பிரித்துக் காட்டப்பட்டிருந்தன. அந்தப் பதிப்பிலேயே மிக நீளமான பதிவு அதுதான். அதை விளக்க ஏறத்தாழ 60,000 சொற்கள் தேவைப்பட்டன. பின்னர் நடந்து வரும் திருத்தப் பணியில் 'ரன்' என்னும் சொல் அதை முந்திவிட்டது. ஆயினும் பயிற்சிக்கு நான் 'செட்'டையே எடுத்துக்கொள்கிறேன். திருப்பூரின் பின்னலாடைத் தொழிலிலும், கோவையின் மோட்டார் பட்டறைகளிலும், பல்லடத்தின் கோழிப் பண்ணைகளிலும், ஈரோட்டின் கரும்புத் தோட்டங்களிலும் நாள்தோறும் இதைத் தமிழாக்கியே ஆகவேண்டிய நிலையில் நாம் இருக்கிறோம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இது ஒரு சொல் அன்று என்பதாகும். ஒரே எழுத்துக்கூட்டில் இரண்டு சொற்கள் வந்து கலந்திருக்கின்றன. வினையாக வரும் 'செட்', பழைய ஆங்கிலத்தின் 'செட்டன்' என்னும் வினையிலிருந்து வந்தது. உட்கார்தலைக் குறிக்கும் 'சிட்டன்' என்பதன் பிறவினை அது. நம் இலக்கணத்தில் 'இரு' என்பதற்கு 'இருத்து' எப்படியோ, 'அமர்' என்பதற்கு 'அமர்த்து' எப்படியோ, அப்படி. தொகுதியைக் குறிக்கும் பெயர்ச்சொல்லான 'செட்' வேறு வழியில் வந்தது. ஒருவரைப் பின்பற்றிச் செல்லும் கூட்டத்தைக் குறித்த 'செக்டா' என்னும் இலத்தீன் சொல், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்து, முன்பே அங்கிருந்த வினையோடு வடிவம் ஒத்துப்போய்விட்டது. ஆகவே உங்கள் முன் இருக்கும் 'செட்', இருத்தும் செட்டா, கூட்டமான செட்டா என்று பார்ப்பதே முதல் வேலை. துண்டறிக்கையை எழுதியவர் தவறியது இந்த முதற்படியிலேயே.

வினை என்று தெரிந்துவிட்டால், அடுத்துப் பார்க்க வேண்டியது யார் செய்கிறார் என்பது. ஆங்கிலத்தில் இந்த வினை காலத்துக்கேற்ப வடிவம் மாறாது. தானாக நிகழ்வதற்கும் ஒருவர் நிகழ்த்துவதற்கும் ஒரே வடிவம்தான். தமிழ் அந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விடாது. எலும்பு கூடியது, எலும்பைச் சேர்த்துக் கட்டினார். பாகு இறுகியது, பாகை இறுக வைத்தார் என்று தன்வினையையும் பிறவினையையும் நாம் பிரித்தே தீரவேண்டும். இயந்திரக் கையேடுகளில் இந்தக் குழப்பம் மிகுதி. குறிப்பிட்ட வெப்பநிலையை இயந்திரம் தானே எட்டுமா, அல்லது இயக்குபவர் திருகியைத் திருப்பி அந்த எண்ணில் நிறுத்த வேண்டுமா என்பது ஆங்கில வாக்கியத்தில் பொதிந்திருக்கும். தமிழில் அதை எழுவாயோடு எழுத வேண்டும். தெளிவில்லையென்றால் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுவிட்டு எழுதுவதே முறை.

பிறவினையாயின், தமிழில் முதலில் தட்டிப் பார்க்க வேண்டிய கதவு 'வை'. பொறி வைப்பது, தீ வைப்பது, அலாரம் வைப்பது, கெடு வைப்பது, கோழியை அடை வைப்பது, விசிறியை மூன்றில் வைப்பது என்று இந்த ஒரு வினை எத்தனையோ இடங்களில் 'செட்'டுக்கு நேராக நிற்கும். ஆனால் எல்லா இடத்திலும் நிற்காது. விலையை நிர்ணயிக்கிறோம், நாமக்கல்லில் முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிப்பது அன்றைய 'நிர்ணய விலை'. வினாத்தாளைத் தயாரிக்கிறோம். எல்லையை வகுக்கிறோம். முன்மாதிரியாக நடந்து காட்டுகிறோம். திருமணத்துக்கு நாள் குறிக்கிறோம். திருமண உறுதிக்காக உப்புச் சர்க்கரை வாங்குவதற்கு நாளை 'அமைப்பதாக' எந்த வீட்டிலும் யாரும் பேசுவதில்லை. வினையைத் தேர்ந்தெடுப்பது நாம் அல்லர், அதன் செயப்படுபொருள். எனவே அகராதியில் 'செட்'டைத் தேடுவதற்கு முன், அதன் பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல்லைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'நாள்' என்று சொன்னவுடன் 'குறி' என்பது தானே நாவில் வந்து நிற்கும்.

இறுகுவதும் உலர்வதும்

இந்தச் சொல்லின் பொருள்களுள் தவறாக எழுதினால் பொருள்நட்டமே உண்டாக்கக் கூடியது, நீர்மம் கெட்டிப்படுதலைக் குறிக்கும் பொருள். சிமெண்ட் கலவையைப் பற்றிய குறிப்புகளில் 'செட்' என்பதை 'உலர்தல்' அல்லது 'காய்தல்' என்று எழுதியிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். சிமெண்ட் உலர்வதால் கெட்டியாவதில்லை. அது நீரோடு வினைபுரிந்து, அந்த வினையால்தான் இறுகுகிறது. அதனால்தான் ஊற்றிய தளத்தின்மேல் வரப்புக் கட்டித் தண்ணீர் தேக்குகிறோம். தூண்களுக்கு ஈரச் சாக்கைச் சுற்றுகிறோம். சாதாரண சிமெண்டுக்கு இந்தியத் தரநிலை விதித்திருப்பது, முதல் இறுக்கம் 30 நிமிடத்துக்கு முன் தொடங்கக் கூடாது, முழு இறுக்கம் 600 நிமிடத்துக்குள் முடிந்துவிட வேண்டும் என்பது. அதற்குப் பிறகும் குறைந்தது ஏழு நாள் நீராட்ட வேண்டும். 'நன்றாக உலர விடவும்' என்று தமிழில் படிக்கும் வீட்டுக்காரர் தண்ணீர் விடாமல் இருந்துவிட்டால், தளத்தில் வெடிப்பு விழும்.

எங்கள் வீட்டு மாடித் தளத்துக்குக் கலவை போட்ட அன்று, இது காய எத்தனை நேரமாகும் என்று நானே கொத்தனாரிடம் கேட்டேன். அவர் கரணையை வாளித் தண்ணீரில் அலசிக்கொண்டே, "காயறதுக்கு இல்லீங்க, இறுகறதுக்கு. காஞ்சுதுன்னா போச்சுங்க" என்றார். நான் பல ஆண்டுகள் தாளில் எழுதிவந்த சொல்லை அவர் ஒரே வாக்கியத்தில் திருத்தினார். அன்று முதல், ஒரு பொருள் கெட்டிப்படும் முறை எது என்று தெரியாமல் இந்தச் சொல்லைத் தமிழாக்குவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

அந்த முறைக்குத் தக்கபடி தமிழ் பிரித்தே பேசுகிறது. பால் உறைமோரால் தயிராவது உறைதல். வண்ணப்பூச்சு ஈரம் போய்க் கெட்டிப்படுவது உலர்தல். சிமெண்டும் பசையும் இறுகும். கவுந்தப்பாடி வட்டாரத்துக் கரும்பாலைகளில் கொதித்து இறக்கிய பாகு, பதம் தப்பாமல் இருந்தால் அச்சில் இறுகி வெல்லமாகும். பதம் வேறானால் கிண்டக் கிண்ட உதிர்ந்து நாட்டுச் சர்க்கரையாகும். பின்னலாடைத் துணியைச் சூட்டில் ஓட்டி அதன் அகலத்தையும் வடிவத்தையும் நிலைப்படுத்துவதை ஆங்கிலத்தில் இதே சொல்லால்தான் குறிக்கிறார்கள். அங்கே இறுகுதல் பொருந்தாது; துணி மீண்டும் சுருங்காமல் நிலைப்படுகிறது. மூன்று சொற்களை எழுதிப் பார்த்து, எது பொருளின் இயல்போடு ஒட்டுகிறது என்று தேர்வதற்கு ஆகும் நேரம் வீண் அன்று.

பிடிப்பதும் படுவதும்

தன்வினையில் 'செட்'டுக்கு மிக அழகாகப் பொருந்தும் தமிழ்ச்சொல் 'பிடி' என்பது என் கருத்து. தக்காளியில் காய் பிடிக்கிறது, தென்னையில் குரும்பை பிடிக்கிறது, நட்ட நாற்று வேர் பிடிக்கிறது. தொடங்கி நிலைத்துவிடுவது என்னும் பொருளில் வரும் 'செட் இன்' என்பதற்கும் இதே வினை துணைக்கு வரும். ஆனி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று கிளம்பி, சாரல் நாள் முழுக்க விடாமல் தூவினால், மழை பிடித்துக்கொண்டது என்கிறோம். மழை 'அமைந்துவிட்டது' என்று எழுதினால் அதில் ஈரமே இருக்காது. ஆனால் கெடுதல் தொடங்குவதைச் சொல்லும்போது 'பிடி' எப்போதும் ஒட்டாது. மஞ்சளில் அழுகல் காண்கிறது, அரிசியில் வண்டு விழுகிறது, இரும்பில் துரு ஏறுகிறது. இங்கும் பக்கத்துப் பெயர்ச்சொல்லே வினையைக் கொண்டுவருகிறது.

கோழிப் பண்ணைக்காரர்களுக்கு எழுதுவோர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். முட்டைகளைப் பொரிக்க வைப்பதற்கும் ஆங்கிலத்தில் 'செட்'தான். வீட்டில் கோழியை உட்கார வைப்பது அடை வைத்தல். குஞ்சுப் பொரிப்பகத்தில் அந்த வேலையை இரண்டு இயந்திரங்கள் பிரித்துச் செய்கின்றன. முட்டைகள் முதல் 18 நாள் 'செட்டர்' என்னும் இயந்திரத்தில் திருப்பித் திருப்பி வைக்கப்பட்டு, கடைசி 3 நாளுக்கு 'ஹேச்சர்' என்னும் இயந்திரத்துக்கு மாற்றப்படுகின்றன. பல்லடத்திலும் நாமக்கல்லிலும் அங்கே வேலை செய்வோர் 'முட்டை செட் பண்ணியாச்சு' என்றே பேசுகிறார்கள். அவர்களுக்கான குறிப்பில் இயந்திரத்தின் பெயரைச் செட்டர் என்றே விட்டுவிட்டு, செய்யும் வேலையை 'அடை வைத்தல்' என்று எழுதலாம். இயந்திரத்துக்கு 'அமைப்பான்' என்று புதுப்பெயர் சூட்டினால், அந்தக் கூடத்தில் இருக்கும் ஒருவருக்கும் அது எதைக் குறிக்கிறது என்று விளங்காது.

கரும்பு நடுவோருக்கான ஆங்கில நூல்களில் கடைசியில் ஒரு 'ட்' கூடுதலாக எழுதப்பட்டு இதே ஒலியுடைய சொல் வரும். நடுவதற்காகப் பருவோடு வெட்டிய கரும்புத் துண்டை அது குறிக்கிறது. அதற்கு நம்மிடம் 'கரணை' என்ற பழஞ்சொல் இருக்கிறது; 'இருபரு விதைக்கரணை' என்று வேளாண் குறிப்புகளும் ஒழுங்காகவே எழுதுகின்றன. கோவையில் 1912இல் தொடங்கப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையம், 1918இல் வெளியிட்ட 'கோ 205' முதலாகத் தன் ரகங்களுக்கு ஊரின் பெயரையே சுருக்கி வைத்து உலகெங்கும் அனுப்பியிருக்கிறது. அந்த ஊரிலிருந்து கொண்டு கரணையைக் 'கரும்புத் தொகுப்பு' என்று எழுதலாகாது. கொத்தனார் கையில் இருப்பதும் கரணைதான் என்பதால், இரண்டும் ஒரே பக்கத்தில் வர நேர்ந்தால் 'விதைக்கரணை' என்று அடையோடு எழுதிவிடுவது நல்லது.

கதிரவன் மறைவதற்கும் ஆங்கிலத்தில் இதே வினை. தமிழில் பொழுது சாய்கிறது, இறங்குகிறது, விழுகிறது. எங்கள் பக்கத்து முதியவர்கள் 'பொழுது உழுந்துபோச்சு' என்பார்கள். பழந்தமிழில் இதற்கு வழங்கிய வினை 'படு'. மாலைக்கு முந்திய பொழுதைக் குறிக்கும் 'எற்பாடு' என்ற சொல்லில் 'எல்' கதிரவன், 'பாடு' அது படுவது. இந்தப் 'படு', 'செட்'டைப் போலவே பொருள்களை அடுக்கிக்கொண்டே போகும் சொல்: உறங்கப் படுப்பது, துன்பம் படுவது, கண்ணில் படுவது, அடிபடுவது, பயன்படுவது, ஆடு மாடு பட்டியில் படுப்பது. நம் நிகண்டு ஆசிரியர்கள் இத்தகைய சொற்களுக்கென்றே ஒருசொற் பல்பொருட் பெயர்த்தொகுதி என்று தனிப்பகுதி ஒதுக்கினார்கள். சூடாமணி நிகண்டில் அது பதினோராம் தொகுதி. ஒரு சொல் பல பொருள் சுமப்பது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய விந்தை அன்று என்பதை நினைவில் வைத்தால், 'செட்'டைக் கண்டு மலைப்பு வராது. 'படு'வை நாம் எப்படி இடமறிந்து புரிந்துகொள்கிறோமோ, அப்படியே ஆங்கிலேயர் 'செட்'டைப் புரிந்துகொள்கிறார்கள்.

எண்ணிக்கையில் ஏமாறுதல்

கூட்டத்தைக் குறிக்கும் பெயர்ச்சொல்லுக்கு வருவோம். கணிதத்தில் இதற்குத் தமிழ்ப் பாடநூல்கள் 'கணம்' என்ற சொல்லை நிலைநிறுத்திவிட்டன. வெற்றுக்கணம், உட்கணம், அனைத்துக்கணம் எல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழகிய சொற்கள். அங்கே தொகுதி, தொகுப்பு என்று மாற்றி எழுத நமக்கு உரிமையில்லை. நூல்களுக்குத் தொகுதி, பாத்திரங்களுக்கு அடுக்கு, இரண்டாக வருவனவற்றுக்கு இணை அல்லது சோடி, கட்டளைகளுக்கும் தரவுகளுக்கும் தொகுப்பு. இவற்றுள் எதை எடுத்தாலும், எத்தனை சேர்ந்தது ஒன்று என்பது வாசகருக்குத் தெரிய வேண்டும். அதை எழுதாமல் விட்டதால் நேர்ந்ததை நான் மறக்கவில்லை.

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்துக்குப் பேக்கிங் குறிப்புகளைத் தமிழில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆர்டரில் குழந்தைக்கான மேல்சட்டை இரண்டும் கால்சட்டை ஒன்றும் சேர்ந்தது ஒரு செட். ஓர் அட்டைப் பெட்டிக்கு 20 செட். தமிழில் தூய்மையாக இருக்கட்டும் என்று நினைத்து, 'ஒரு பெட்டிக்கு 20 உருப்படி' என்று எழுதிவிட்டேன். பின்னலாடைத் தொழிலில் உருப்படி என்றால் ஒற்றை ஆடை. காலையிலிருந்து பெட்டிக்கு 60 ஆடை போக வேண்டிய இடத்தில் 20 போய்க்கொண்டிருந்தது. டேப் ஒட்டும் மேசையில் நின்ற அக்கா ஒருவர்தான் மதியத்துக்குமேல் ஒரு பெட்டியைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்து, "பொட்டிக்குள்ள ஆடுதுங்க, இது நெறையலீங்க" என்று மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார். ஒட்டிய பெட்டிகளையெல்லாம் அறுத்து, எண்ணி, மறுபடி அடுக்க இரவாகிவிட்டது. பிழை முழுக்க என்னுடையது.

மறுநாள் மேசைக்கு மேல் ஒட்டிய தாளில் இப்படி எழுதினேன்: 'ஒரு செட் என்பது மேல்சட்டை 2, கால்சட்டை 1. ஒரு பெட்டிக்கு 20 செட், அதாவது 60 உருப்படி.' 'செட்' என்ற சொல்லைத் தமிழாக்கவே இல்லை. அதன் பொருளைத் தமிழாக்கினேன். எண்ணிக்கை வரும் இடங்களில் இதுதான் பாதுகாப்பான முறை. அதே தொழிலில் 'சைஸ் செட்' என்றால் ஒவ்வோர் அளவிலும் தைத்துக் காட்டும் மாதிரி ஆடைகள். மொத்த உற்பத்தி தொடங்கும் முன் அளவு சரிபார்க்க அது போகும். கைப்பகுதியைத் தனியே வெட்டி உடலில் பொருத்தித் தைப்பதும் 'செட் இன்'தான். அது கூட்டத்தைக் குறிக்கும் செட் அன்று, பொருத்தும் செட். ஒரே தாளில் இந்த மூன்றும் அடுத்தடுத்து வரும்.

நகைத் தொழிலில் கல்லைப் 'பதிக்கிறோம்'. கழுத்தணியும் தோடும் வளையலும் ஒரே வேலைப்பாட்டில் இருந்தால் அது 'செட் நகை'. நொய்யல் கரையில் கொடுமணல் அகழாய்வில் கிடைத்த மணிகளைப் பார்த்தால், கல் வேலைப்பாடு இந்த மண்ணில் எவ்வளவு பழையது என்று தெரியும். அதற்கான சொற்களும் பொன்வேலை செய்யும் பத்தர்களிடம் இன்றும் குறைவின்றி இருக்கின்றன.

ஒட்டுச் சொல் சேரும்போது

'செட்' தனியாக வருவதைவிட, பின்னால் ஒரு சிறு சொல்லை ஒட்டிக்கொண்டு வரும்போதுதான் மிகுதியாக ஏமாற்றுகிறது. அப்போது இரண்டையும் தனித்தனியே தமிழாக்கிக் கூட்டினால் வேறொரு பொருள் வந்து நிற்கும். 'செட் அசைட்' என்பதைப் பாருங்கள். 'ஒருபுறம் வைத்தல்' என்று பிரித்துக் கூட்டி, மேல்நீதிமன்றம் கீழ்நீதிமன்றத் தீர்ப்பைத் 'தள்ளி வைத்தது' என்று எழுதிய தமிழாக்கம் ஒன்று என்னிடம் வந்தது. நிலவழக்கு நடத்திய குடும்பத்தார் அதைப் படித்துவிட்டு, இன்னும் தீர்ப்பு வரவில்லை, வாய்தா கொடுத்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தனர். உண்மையில் அவர்களுக்கு எதிராக இருந்த தீர்ப்பு ரத்தாகியிருந்தது. தீர்ப்பைத் தள்ளி வைத்தல் என்றால் தமிழில் நாள் ஒத்திவைத்தல். தள்ளுபடி செய்தல் என்றால் மனுவை ஏற்க மறுத்தல். ரத்து செய்தல் என்றால் இருந்த தீர்ப்பை இல்லாமல் ஆக்குதல். இந்த மூன்றில் கடைசியே அந்த இடத்துக்கு உரியது. அதே தொடர் சமையல் குறிப்பில் வந்தால் 'தனியே எடுத்து வைக்கவும்'. வரவுசெலவில் வந்தால் 'ஒதுக்கி வைத்தல்'.

'செட் ஆஃப்' என்பதும் அப்படியே. பயணத்தில் புறப்படுதல். பட்டாசில் கொளுத்துதல். கணக்கில், கொடுக்க வேண்டியதை வரவேண்டியதில் கழித்துச் சரிக்கட்டுதல். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு, உள்ளீட்டு வரி வரவைச் செலுத்த வேண்டிய வரியில் சரிக்கட்டுவதைப் பற்றி நம் ஊர்க் கணக்கர்கள் பேசாத நாளில்லை. உரிமையியல் வழக்கில் இதற்கு 'எதிரீடு' என்ற நல்ல சொல் வழக்கில் உண்டு.

'செட் அப்' என்பதில் தனி எச்சரிக்கை வேண்டும். கொங்கு நாட்டில் தொழில் தொடங்குவதற்குப் 'போடு' என்ற வினையே போதும்: தறி போட்டார், கடை போட்டார், பட்டறை போட்டார். எழுத்தில் நிறுவினார், தொடங்கினார். கணினியில் மென்பொருளை நிறுவுகிறோம். ஆனால் 'செட்டப்' என்று ஒலியை அப்படியே தமிழில் எழுதினால், பேச்சுத் தமிழில் அதற்கு ஏற்கெனவே ஏறியிருக்கும் பொருள், முன்கூட்டியே பேசி வைத்து நடத்தும் போலி ஏற்பாடு என்பது. ஒருவரின் புதிய தொழிற்கூடத்தைப் பாராட்டி எழுதும்போது 'நல்ல செட்டப்' என்று எழுதினால் அவர் மனம் வருந்தக்கூடும்.

எங்கே 'செட்'டை அப்படியே விடுவது

எல்லா இடத்திலும் தமிழாக்கத்தான் வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நீலகிரியின் பைக்காரா மின்சாரம் 1932இல் கோவைக்கு வரத் தொடங்கிய பின், மாடு கட்டிக் கவலை இறைத்த கிணறுகளில் மோட்டாரும் பம்பும் ஒன்றாக இறங்கின. அந்த இணைக்கு மக்கள் வைத்துக்கொண்ட பெயர் பம்புசெட்டு. மோட்டார் ஒன்று, பம்பு ஒன்று, இரண்டும் சேர்ந்தது ஒரு செட்டு. இப்போது அந்தச் சொல் பொறியைக் கடந்து இடத்தைக் குறிக்கிறது; 'பம்புசெட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வா' என்றால் தொட்டியும் நிழலும் வாய்க்காலும் அதில் அடங்கும். அரசு ஆணைகளும் அதையே எழுதுகின்றன. இதற்கு மேல் 'நீரிறைப்பித் தொகுதி' என்று ஒரு சொல்லைக் கொண்டுவர வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. கோயில் நோம்பிக்கு வரும் மைக்செட்டுக்காரர், பாட்டியின் பல்செட்டு, உணவகத்தின் செட் தோசை, கோபிச்செட்டிபாளையத்து வயல்களில் படப்பிடிப்புக்காகப் போடும் செட், எல்லாம் இதே வகை. தமிழர் பெயரிட்டுப் புழங்கும் பொருளுக்கு அந்தப் பெயரே தமிழ்.

ஆங்கிலத்தில் இல்லாத பொருளையும் தமிழ் இந்தச் சொல்லுக்குக் கொடுத்திருக்கிறது. 'அந்த ஊர் தண்ணி எனக்குச் செட் ஆகலீங்க' என்றால் ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். 'நாங்க ரெண்டு பேரும் ஒரே செட்டு' என்றால் ஒரே ஆண்டு படித்தவர்கள். இவற்றை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது 'செட்' என்றே எழுதினால் அங்கே விளங்காது. மேலும், ஒலியால் ஒத்த இன்னொரு சொல் நம்மிடமே உண்டு. 'கட்டுஞ்செட்டுமாகக் குடும்பம் நடத்துகிறாள்' என்பதில் வரும் செட்டு, சிக்கனத்தைக் குறிக்கும் தமிழ்ச்சொல். வணிகத்தையும் அது குறிக்கும். அதற்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் உறவு இல்லை. பழைய பத்திரங்களையும் கடிதங்களையும் படிக்கும் இளையவர்கள் இதை ஆங்கிலம் என்று எண்ணி மயங்குவதைக் கண்டிருக்கிறேன்.

எழுதி முடித்தபின் ஒரு சோதனை செய்யுங்கள். ஆங்கிலத்தை மூடி வைத்துவிட்டு, தமிழ் வாக்கியத்தை மட்டும் அந்தத் தொழிலில் இருப்பவர் ஒருவரிடம் படித்துக் காட்டி, 'இதைப் படித்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். 'புரிகிறதா?' என்று கேட்காதீர்கள். மரியாதைக்காகப் புரிகிறது என்றே சொல்வார்கள். அவர் சொல்லும் செயலும் ஆங்கிலம் சொன்ன செயலும் ஒன்றானால் சொல் பொருந்தியிருக்கிறது. வேறானால், அவர் விளக்கும்போது தானாகப் பயன்படுத்திய வினையைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் நீங்கள் தேடிய சொல் அதுவாகவே இருக்கும்.

சித்தப்பாவின் துண்டறிக்கையில் அந்த வரியை அடித்துவிட்டு, 'குரும்பை நன்றாகப் பிடிக்கும். பிடித்த குரும்பை உதிர்வது குறையும்' என்று பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, மரத்துக்கு எத்தனை கிராம், எந்த மாதம் வைப்பது என்று அடுத்த வரியைக் கேட்கத் தொடங்கினார்.